படகு கட்ட ஓர் இடம்: களனி முகத்துவாரத்தில் வாத்தும் காகமும்

அதிகாலை மூன்றரை மணிக்கு வாத்து கடித்தால் எப்படியிருக்கும் என்பது கடிபட்டவனுக்குத்தான் தெரியும். அதற்குப் பல் கிடையாது. ஆனால் அலகின் ஓரம் அரம் போல இருக்கும். தொடைச் சதையைக் கவ்வி ஒரு திருகு திருகிவிட்டுத்தான் விடும். எனக்கு அது நடந்தபோது ஒரு கையில் எண்ணெய்க் கேன், மறு கையில் வலைப் பை. கத்தவும் முடியவில்லை, ஊர் தூங்குகிற நேரம். கேனைப் போட்டுவிட்டு ஓடினேன். அதுதான் நான் செய்த பிழை.

கொச்சிக்கடையில் குடியிருந்து, ஐந்துலாம்புச் சந்திக்குப் பக்கத்துக் கடையொன்றில் கணக்கெழுதிப் பிழைக்கிற எனக்கு ஆற்றங்கரையில் அந்த நேரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மட்டக்குளியில் களனி ஆற்றோரம் கட்டியிருக்கும் 18 அடி ஃபைபர் படகு ஒன்றில் பாதிப் பங்கு என்னுடையது. மற்றப் பாதி, முகத்துவாரத்திலேயே பிறந்து வளர்ந்த நண்பர் ஒருவருடையது. வார நாட்களில் அவர் போவார், ஞாயிறுகளிலும் போயா நாட்களிலும் நானும் சேர்ந்து போவேன். வருமானம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மயிலிட்டியில் பிறந்தவனுக்குப் படகில்லாமல் இருப்பது ஒரு குறை.

இதை எழுத இரண்டு காரணங்கள். வன்னியில் உதவித் திட்டத்தில் படகு கிடைத்த இருவர், அதை எங்கே, எப்படிக் கட்டுவது என்று என்னிடம் கேட்டார்கள். மற்றது, லண்டனில் கால்வாய்ப் படகொன்றில் குடியிருக்கும் என் மருமகன். அவனுக்கும் இதே இரண்டு தலையிடிகள்தான்: கட்ட இடம், வாத்து. உலகம் முழுக்க ஆற்றங்கரைக்காரருக்கு ஒரே வியாதி போலிருக்கிறது.

முதலில் இடம். களனி ஆறு சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளில் தொடங்கி 145 கிலோமீற்றர் ஓடி மட்டக்குளிக்கும் வத்தளைக்கும் இடையில் கடலில் விழுகிறது. கொச்சிக்கடையிலிருந்து ஓட்டோவில் போனால் கொஞ்ச நேரத்துப் பயணம். முகத்துவாரத்தில் முறையான மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அது பலநாள் படகுகளின் உலகம். எங்களைப் போன்ற சின்னப் படகுக்காரர் பலரும் ஆற்றோரத்தைத்தான் தேடுகிறோம்.

ஆற்றில் கட்டுவதில் ஒரு பெரிய நன்மை உண்டு. உப்புத் தண்ணீரில் கிடக்கும் படகின் அடியில் சிப்பியும் கொட்டலசும் ஒட்டி வளரும். படகு பாரமாகி எண்ணெய் குடிக்கும். ஆற்றின் நன்னீரில் அவை உயிர் தப்பாது. மரத்தைத் துளைக்கிற கடற்புழுவும் அப்படித்தான். கடலுக்குப் போய் வந்து ஆற்றில் கட்டினால் ஆறே அடியைக் கழுவித் தரும். மழையில்லாத மாதங்களில் உப்பு ஆற்றுக்குள் மேலே ஏறும் என்பதால், வாய்க்கு மிக அருகில் கட்டினால் இந்தப் பலன் குறையும்.

ஆற்று வளைவில் வெளிப்பக்கக் கரை ஆழமாக இருக்கும், படகு தரை தட்டாது. ஆனால் நீரோட்டம் அந்தக் கரையைத்தான் அரிக்கும். போன வருடம் கயிறு கட்டிய மரம் இந்த வருடம் தண்ணீருக்குள் நிற்கும். உட்பக்கக் கரையில் ஓட்டம் மெல்லியது. அதனால் அங்கே மணல் சேரும், வத்து நேரத்தில் படகு சேற்றில் குந்திவிடும். இரண்டுக்கும் நடுவில், வளைவு முடிந்து ஆறு நேராகும் துண்டைத் தேடுங்கள். கொழும்பில் பெருக்குக்கும் வத்துக்கும் இரண்டடிக்கு மேல் வித்தியாசமில்லை. பயப்பட வேண்டியது கடலுக்கல்ல, மலையில் பெய்கிற மழைக்கு. இங்கே வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஏறும். 2016 மே மாத வெள்ளத்தைக் கொழும்பில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆகவே கயிற்றை இறுக்கிக் கட்டக்கூடாது. அணியம் மேலோட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கயிறு கரையிலுள்ள மரத்துக்கு, இன்னொன்று ஆற்றுக்குள் போட்ட நங்கூரத்துக்கு. நங்கூரக் கயிறு தண்ணீரின் ஆழத்தைப் போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும், வெள்ள காலத்தில் ஏழு மடங்கு. கயிறு குட்டையாக இருந்தால் ஆறு ஏறும்போது நங்கூரம் நேர்மேலே இழுபட்டுக் கிளம்பிவிடும். நைலோன் கயிறு இழுபடும், திடீர் இழுவையைத் தாங்கும், தண்ணீரில் தாழும். மலிவான பொலிப்புறொப்பிலீன் கயிறு மிதக்கும். அடுத்தவனுடைய புறொப்பெல்லரில் சுற்றிச் சண்டை வரும். எனக்கு வந்தது.

வெள்ளம் வந்தால் ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக இறங்கிவரும். ஒரு சின்னச் செடியைப் பார்த்தால் என்ன செய்யும் என்று தோன்றும். அவை கயிற்றில் வந்து குவிந்து ஒரு வீட்டு முற்றம் அளவுக்குச் சேர்ந்துவிட்டால் எந்த முடிச்சும் நிற்காது. மழைக்காலத்தில் தினமும் ஒருவர் போய்த் தள்ளிவிட வேண்டும். எஞ்சினைத் தூக்கி நிறுத்துங்கள். முடிந்தால் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கள்ளர் பயம் ஒன்று, மற்றது நித்திரை. படகுக்குள் மழைத் தண்ணீர் தேங்க விடாதீர்கள். படகு தாழ்வது மட்டுமல்ல, டெங்கு நுளம்பு பெருகிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நின்றால் மீன் விற்ற காசு தண்டத்துக்குப் போகும்.

அமைதியான இடம் வேண்டுமென்றால் வத்தளைப் பக்கம் ஹமில்டன் கால்வாய் இருக்கிறது. ஆங்கிலேயர் 1802இல் தொடங்கி 1804இல் முடித்தது. களனி ஆற்றிலிருந்து நீர்கொழும்பு நோக்கிப் போகிறது. நீரோட்டம் இல்லாத நிழல் தண்ணீர், கட்டுவதற்குச் சொர்க்கம். ஆனால் அங்கே பரம்பரையாகக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெறுமையாகத் தெரிகிற ஒவ்வொரு தென்னைக்கும் ஒரு சொந்தக்காரப் படகு உண்டு, அது அந்த நேரம் கடலில் இருக்கும். புதிதாகப் போகிறவன் ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் கயிற்றைத் தொட வேண்டும்.

இந்த இடத்தில் அப்பா சொன்னதைச் சொல்லாமல் போக முடியாது. "கரையைப் பாக்காதை, கரையிலை நிக்கிற ஆளைப் பார்." ஆழம், மண், காற்று எல்லாம் சரியாக இருந்தாலும் கரையில் இருப்பவர் விரும்பாவிட்டால் அது துறை அல்ல. எங்களுக்கு இப்போதுள்ள இடம் அப்படிக் கிடைத்ததுதான். ஆற்றோரம் சின்ன வீட்டில் தனியாக இருக்கும் ஒரு அக்கா, தன் வேலிக்கு வெளியே நிற்கும் மரத்தில் கட்ட விட்டிருக்கிறா. வாடகை கிடையாது. கிடைக்கிற நாளில் ஒரு கறிக்கு மீன். ஒரே ஒரு நிபந்தனை, மீன் குடலைக் கரையில் போடக்கூடாது. நாங்கள் சரி என்றோம். அவவிடம் ஐந்து வாத்து இருப்பதை அப்போது கவனிக்கவில்லை.

நாய் வளர்த்தால் கள்ளன் இறைச்சி போட்டு ஏமாற்றுவான், வாத்தை ஏமாற்ற முடியாது என்பது அக்காவின் கணக்கு. சரியான கணக்குத்தான். வாத்துக்குக் கண்ணும் காதும் கூர்மை, பழக்கமில்லாத அசைவைக் கண்டால் கூட்டமாகக் கத்தும். நாங்கள் போவதோ இருட்டில், கையில் மூட்டையோடு, மெதுவாக. வாத்தின் கண்ணுக்கு நாங்கள் பக்காக் கள்ளர்.

நான் கடிபட்ட மறுநாள் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னா: "ஓட வேணாம் தம்பி. ஓடினா வெரட்டும். அது முன்னுக்கு நின்னு கைய விரிச்சுக்கிட்டு மெதுவாப் பின்னால போங்க." அதுதான் மொத்த வித்தை. வாத்து தன் எல்லையைக் காக்கிறது. முதுகைக் காட்டுகிறவனைத் தோற்றவன் என்று எடுத்துக்கொள்ளும். முகத்தைக் காட்டி, உடம்பைப் பெரிதாக்கி, சத்தம் போடாமல் விலகினால் கழுத்தை நீட்டிச் சீறிவிட்டு நின்றுவிடும். தடியால் அடித்தால் அன்றைக்கு ஓடும், மற்ற நாளெல்லாம் உங்களை ஞாபகம் வைத்துக் காத்திருக்கும். எங்களில் ஒருவர் தடி எடுத்தார். இன்றுவரை அவருக்குத்தான் அதிகம் கடி.

அடைகாக்கும் காலம் வேறு கதை. பெட்டை 28 முதல் 30 நாள் வரை முட்டையில் இருக்கும். அந்த ஒரு மாதம் சேவல் வாத்து எந்த நியாயத்துக்கும் கட்டுப்படாது. கூடு எங்கே என்று பார்த்து, உங்கள் வழியை அதிலிருந்து தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு பலகையை மறுபக்கம் போட்டு, ஐந்து நிமிடம் சுற்றிப் போகிறோம். அவ்வளவுதான் செலவு.

இன்னொரு தொல்லை எச்சம். வாத்து புல் மேய்கிற பிராணி. தின்பதில் பெரும் பகுதி செரிக்காமல் வெளியே வரும், பலகையும் படியும் வழுக்கும். ஒரு விஷயத்தைக் கவனித்தோம். புல் குட்டையாக, தண்ணீர் வரைக்கும் திறந்து கிடக்கிற இடத்தில்தான் அவை கூடுகின்றன. எதிரி வந்தால் தெரிய வேண்டும், சட்டென்று தண்ணீருக்குள் இறங்க வேண்டும், அவ்வளவுதான் அவற்றின் கணக்கு. படகுக்கு நேரே இருந்த துண்டில் நாணலையும் கோரையையும் வெட்டாமல் இடுப்பளவு வளர விட்டோம். வாத்துகள் தாமாகவே பத்து யார் தள்ளிப் போய்விட்டன. அந்த வேர்கள் கரையையும் பிடித்துக்கொள்கின்றன.

லண்டன் மருமகனின் வாத்து வேறு சாதி. பழுப்பு உடம்பும் கறுப்புக் கழுத்துமுள்ள கனடா வாத்து, 17ஆம் நூற்றாண்டில் அரச பூங்காவில் அழகுக்காகக் கொண்டுவந்து விட்டது. இப்போது நாடு முழுக்க இருக்கிறது. 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேட்டைக் காலத்துக்கு வெளியே அனுமதியில்லாமல் அதைக் கொல்லவோ கூட்டைக் கலைக்கவோ முடியாது. மூன்று நூற்றாண்டு கழிந்ததால் வந்தேறி என்று யாரும் அதனிடம் பத்திரம் கேட்பதில்லை என்று அவன் எழுதியிருந்தான். அங்கேயும் பிரச்சினையின் வேர் ஒன்றுதான்: போகிற வருகிறவர்கள் பாண் போடுகிறார்கள். பாண் விழுகிற இடத்தைவிட்டு வாத்து எதற்குப் போகிறது?

அவன் சொன்ன இன்னொன்று எனக்கு நெருடியது. அங்கே நிரந்தரக் கட்டுமிடம் இல்லாத படகுக்காரர் ஒரே இடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக்கூடாது. 1995ஆம் ஆண்டுச் சட்டம். நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அவனுக்கு அது ஒரு தொந்தரவு மட்டும். அவன் பிறந்தது அங்கே. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் லொட்ஜ்களில் தங்கியிருந்த எங்களுக்கு 'ஏன் வந்தாய், எத்தனை நாள் நிற்பாய்' என்ற கேள்வி வேறு மாதிரிக் கேட்கும். 2007 ஜூன் 7 அதிகாலையில் 370க்கும் மேற்பட்ட தமிழர்களை லொட்ஜ்களிலிருந்து எழுப்பி பஸ்களில் ஏற்றி வவுனியா நோக்கி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்தவர்களுக்கு, ஓர் இடத்தில் நிற்பதற்குக் காரணம் சொல்வது என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

காகத்துக்கு வருகிறேன். வாத்து காலைக் கடிக்கும், காகம் வயிற்றில் அடிக்கும். மட்டக்குளியில் கடலோரத்துக்குக் காக்கைத்தீவு என்று பெயர். யாழ்ப்பாணத்தில் ஆனைக்கோட்டைப் பக்கத்திலும் ஒரு காக்கைதீவு இருக்கிறது, அதுவும் மீன் இறங்குகிற கரைதான். பெயர்க் காரணத்தை ஆராய வேண்டாம், மீன் இறங்கும் நேரம் போய் நின்றால் போதும். படகு கரைக்கு வந்து ஐந்து நிமிடத்துக்குள் மரம் கறுத்துவிடும். கொக்கும் செம்பருந்தும் வரும்தான், ஆனால் அவை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடும். காகம் ரெஜிபோம் பெட்டியைக் கொத்தித் துளைக்கும், வலையில் சிக்கிய மீனின் கண்ணைத் தோண்டும், எஞ்சின் மூடியின் ரப்பரைப் பிய்க்கும். கண் தோண்டிய பாரைக்கு வியாபாரி பாதி விலைதான் தருவான்.

இறந்த காகத்தைக் கட்டித் தொங்கவிடுவது பழைய முறை. கறுப்புத் துணியிலும் செய்து பார்த்தோம். இரண்டு மூன்று நாள் பயந்து கத்தின, பிறகு அதன் மேலேயே உட்கார்ந்தன. மினுங்குகிற சீடீ ஒரு வாரம் வேலை செய்தது. கல்லெறிந்தால் இன்னும் மோசம். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முகமூடியைப் போட்டுக்கொண்டு காகங்களைப் பிடித்து விட்டார்கள். வருடங்கள் கழிந்த பிறகும் அதே முகமூடியைக் கண்டதும் காகங்கள் சூழ்ந்து கத்தின, பிடிபடாத காகங்களும் சேர்ந்து கத்தின. நமது ஊர்க் காகம் வேறு இனம், ஆனால் கல்லெறிந்தவனின் தலையை அது தேடி வருவதை நான் கண்ணால் பார்த்தேன். பறவைகளுக்கு நஞ்சு வைக்கும் யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆற்றோரத்தில் நஞ்சு காகத்தோடு நிற்காது. கொக்கும் நாயும் சாகும், 1937ஆம் ஆண்டின் விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் பறவைகளில் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கிறது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கடைசியில் உதவியது பழைய வலைத் துண்டு. பெட்டிகளுக்கு மேல் நான்கு தடி நட்டு வலையைக் கூரை போல விரித்தோம். காகம் தலையை நுழைக்கும், உடம்பை நுழைக்கப் பயப்படும். கால் சிக்கும் என்று அதற்குத் தெரியும். மற்றது அக்காவின் நிபந்தனை. அதை முதலில் அவவின் சுத்தம் என்று நினைத்தோம். குடலையும் செவுளையும் கரையில் எறியாமல் வாளியில் மூடிக் கொண்டுபோய்ப் புதைக்கத் தொடங்கி இரண்டு மாதத்தில் எங்கள் மரத்துக்கு வருகிற காகம் வெகுவாகக் குறைந்துவிட்டது. அவை ஒழிந்துபோகவில்லை, கழிவு எறிகிற அடுத்த கரைக்குப் போயிருந்தன. அந்தக் கரைக்காரர்கள் எங்களைத் திட்டினார்கள். நியாயம்தான். புளூமெண்டால் குப்பைமேட்டோடு வாழ்ந்த கொட்டாஞ்சேனை ஆட்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல.

இப்போது காற்றைப் பற்றி. எங்கள் ஊரில் வாடைக்குத்தான் பயம். வடக்கைப் பார்த்த கரை. கொழும்பில் எல்லாம் தலைகீழ். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை சோளகம், ஆற்று வாயில் மணல்மேடு போட்டு அலை உடையும். கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள் ஜூன் 13. அந்த நாட்களில் எங்கள் படகு பெரும்பாலும் கட்டித்தான் கிடக்கும். ஆற்று வாயைக் கடக்கத் துணிகிறவர்களில் சிலர் திரும்பி வருவதில்லை.

இதே காற்றுத்தான் நீர்கொழும்பு, சிலாபம் மீனவர்களையும் வருடந்தோறும் கிழக்கே அனுப்புகிறது. மேற்கில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்கில் அமைதி. ஆகவே அவர்கள் முல்லைத்தீவுக் கரைகளுக்கு, நாயாற்றுக்கு, கொக்கிளாய்க்குப் போய் வாடி போடுகிறார்கள். பசி என்ற அளவில் எனக்கு அது புரிகிறது, சோளகத்தில் கட்டிக் கிடக்கும் படகு எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்தக் கரைகளின் ஆட்கள் போரில் துரத்தப்பட்டுத் திரும்பி வந்தபோது தங்கள் துறையில் தங்களுக்கு இடமில்லாமல் நின்றார்கள். 2018 ஆகஸ்டில் நாயாற்றில் தமிழ் மீனவர்களின் வாடிகளும் படகுகளும் வலைகளும் எரிந்து கிடந்தன. ஹமில்டன் கால்வாயில் ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கேட்டுக் கட்டு என்று எனக்குச் சொல்லித் தந்தவர்கள் இதே மேற்குக் கரைக்காரர்கள்தான். அந்த மரியாதை நாயாற்றுக்கு ஏன் போய்ச் சேரவில்லை என்று முகத்துவாரத்து நண்பரிடம் கேட்டேன். "அங்க கேக்கிறதுக்குக் கரையில ஆள் இருக்கேல்லையே, நீங்கதானே இல்ல" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, உண்மையைச் சொன்னார். கரையில் ஆள் இல்லாமல் போனது எப்படி என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

மயிலிட்டியை நாங்கள் விட்டுப் புறப்பட்டது 1990 ஜூன் நடுப்பகுதியில், எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா வள்ளத்தை இரண்டு கயிற்றில் கட்டிவிட்டு வந்தார், நாலு நாளில் திரும்பலாம் என்று. துறைமுகமும் அதைச் சேர்ந்த 54 ஏக்கரும் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில். 27 வருடம். அப்பா அதற்கு முன்பே கொழும்பில் காலமாகிவிட்டார். 2019இல் துறைமுகத்தைத் திருத்தித் திறந்தபிறகு, ஒரு விடுமுறையில் போய்ப் பார்த்தேன். மண் நல்லது, ஆழம் நல்லது, அலைதடுப்பு இருக்கிறது. ஆனால் அணைகரை நெடுக, எல்லை தாண்டிப் பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகள் வழக்கு முடியும் வரை கட்டப்பட்டிருந்தன. சில பாதி தாழ்ந்து, சிலவற்றின் மேல் நீர்க்காகங்கள் வரிசையாகச் சிறகு காயவிட்டபடி. ஊர்ப் பையன் ஒருவன் தன் படகை இரண்டு இழுவைப் படகுகளுக்கு நடுவில் செருகிக் கட்டிக்கொண்டிருந்தான். "அண்ணை, இதுக்குள்ளை விட்டா வெளியிலை எடுக்க ஒரு மணித்தியாலம்" என்றான்.

அவனுடைய கயிறு பொலிப்புறொப்பிலீன். நைலோனுக்கு மாற்றச் சொன்னேன். காற்று அடித்தால் அந்த இரும்பும் மரமும் உரசி அவனுடைய ஃபைபரை நொறுக்கிவிடும் என்பதால், பழைய டயர்களைக் கொழும்பிலிருந்து லொறியில் போட்டு அனுப்பினேன். ஆறு டயர். நான்கு போய்ச் சேர்ந்ததாகச் சொன்னான்.

இந்த வருடம் பெட்டை வாத்து நாங்கள் வளரவிட்ட கோரைக்குள்ளேயே கூடு வைத்திருக்கிறது, படகிலிருந்து நாலடி தூரம். திறந்த இடத்தைத்தான் அவை விரும்பும் என்று மேலே எழுதினேன். முட்டைக்கு மட்டும் மறைவு தேவை என்பதை யோசிக்கவில்லை. அக்கா ஏழு முட்டை என்கிறா. எப்படியும் சோளகம், படகு கட்டித்தான் கிடக்கிறது. தண்ணீர் இறைக்க நண்பர் மறுபக்கத்தால், இடுப்பளவு ஆற்றுக்குள் இறங்கி வருகிறார்.